இரண்டாவது கேள்வி

அன்புள்ள சார்,

போன மாதம் தன்வரலாறுகளைப் பற்றி எழுதும்போது, தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் எழுதுவதை "பாதி ஞாபகம், பாதி மேக்கப்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருந்தீர்கள். அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனாலேயே ராபின் டே 1989-இல் எழுதிய 'கிராண்ட் இன்க்விசிட்டர்' நூலைத் தேடிப் பிடித்துப் படித்தேன். சுவாரசியமான புத்தகம்தான், இரண்டு நாளில் முடித்துவிட்டேன். ஆனால் மூடி வைத்தபிறகு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பிரதமர்களையும் அமைச்சர்களையும் அந்தக் குடை குடைந்த மனிதர், தன் கதை என்று வரும்போது தன்னை அப்படிக் குடைந்துகொள்ளவில்லை என்று எனக்குப் பட்டது. அடுத்தவர் மழுப்புவதைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் சொந்த விஷயத்தில் மழுப்பினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? நீங்கள் எழுதிய அந்த வரி சரிதானோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இன்றைக்குப் பேட்டி என்ற பெயரில் நடக்கிற கூச்சலுக்கெல்லாம் அவர்தான் பிள்ளையார் சுழி போட்டார் என்கிறார்கள். அது நியாயமா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. வாய்க்கு வாகாக வந்தது, எழுதிவிட்டேன். நீங்கள் சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன், ஒரு புத்தகத்தையே தேடிப் படித்துவிட்டு "சரிதானோ" என்கிறீர்கள், அதுதான் சங்கடமாக இருக்கிறது.

ராபின் டேயைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1923-இல் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, அங்கே மாணவர் விவாத மன்றத்துக்குத் தலைவராக இருந்து, 1952-இல் வழக்கறிஞராகி, அந்தத் தொழில் ஒட்டாமல் வெளியே வந்து, 1955 செப்டம்பரில் பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் செய்திப் பிரிவான ஐடிஎன்னில் முதன்முதலாகத் திரையில் தோன்றிய செய்தியாளர்களில் ஒருவராகச் சேர்ந்தவர். தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடி, கழுத்தில் புள்ளி போட்ட போ டை. பிறகு பிபிசிக்குப் போனார், 'பனோரமா' என்ற நடப்பு விவகார நிகழ்ச்சியில் பேட்டிகள் எடுத்தார், 1979 முதல் 1989 வரை, பார்வையாளர்கள் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கும் 'கொஸ்டின் டைம்' நிகழ்ச்சியை நடத்தினார். நடுவில் 1981-இல் சர் பட்டமும் வந்தது.

அவர் வருவதற்கு முன்னால் அங்கே அரசியல் பேட்டி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். நாடாளுமன்றத்தில் அடுத்த 14 நாட்களுக்குள் விவாதத்துக்கு வரப்போகிற எதைப் பற்றியும் ஒலிபரப்பில் விவாதிக்கக் கூடாது என்று ஒரு விதி 1956 கடைசிவரை இருந்தது. நாடே ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது பிபிசி மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். விமானத்திலிருந்து இறங்குகிற தலைவரிடம் மைக்கை நீட்டி, நேயர்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா ஐயா என்பார்கள். அவர் ஒன்றுமில்லை என்றால் அத்தோடு பேட்டி முடிந்தது.

இந்தச் சூழலில்தான் 1958 பிப்ரவரியில் பிரதமர் ஹெரால்ட் மக்மில்லன் டேக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிடைப் பற்றி வரும் விமர்சனங்களை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று டே கேட்டார். இன்றைக்குப் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும், அவ்வளவு மரியாதையான கேள்வி. லாயிட் நல்ல அமைச்சர், அப்படி நினைக்காமலிருந்தால் மாற்றியிருப்பேனே என்கிற தோரணையில் மக்மில்லன் பதில் சொன்னார். பத்திரிகைகளில் அந்தப் பதிலுக்கு இருந்த இடத்தைவிடக் கேள்விக்குத்தான் பெரிய ரகளை. பிரதமரை கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்து அவருடைய சகாவைப் பற்றியே கேட்பதா? டெய்லி மிரரில் கசாண்ட்ரா என்ற பெயரில் எழுதிவந்த பத்தி எழுத்தாளர், தொலைக்காட்சியை முட்டாள்களின் விளக்கு என்று திட்டி, அதற்குத் தலைக்கனம் ஏறிவிட்டதா என்று கேட்டார். நான்கு வருடம் கழித்து, 1962 ஜூலையில், அதே மக்மில்லன் அமைச்சரவையிலிருந்து ஏழு பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார். அதில் ஒருவர் லாயிட், அப்போது நிதியமைச்சர். ஆக, கேள்வி ஒன்றும் தப்பில்லை.

ஆனால் டேயின் திறமையைப் பார்க்க மக்மில்லனைவிட எகிப்து அதிபர் நாசரின் பேட்டிதான் நல்ல இடம். 1957-இல், பிரிட்டன் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போர் முடிந்து சில மாதங்களே ஆன நிலையில், பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் தூதரக உறவுகூட இல்லாதபோது கெய்ரோவுக்குப் போய் எடுத்த பேட்டி. இஸ்ரேல் என்ற நாடு நிரந்தரமாக இருப்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நீங்கள் அவசரப்பட்டு முடிவுக்குத் தாவுகிறீர்கள் என்கிறார் நாசர். இல்லை, நான் கேள்விதான் கேட்கிறேன் என்கிறார் டே.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பேன். முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எதிரே இருப்பவர் நழுவும்போது, நழுவுகிறார் என்பதைக் காதால் கேட்டு, அந்த நொடியிலேயே, குரலை உயர்த்தாமல் இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். தன்வரலாறு எழுதுகிறவர் தன்னைத் தானே முதல் கேள்வி கேட்டுக்கொள்ளலாம், பதிலும் எழுதலாம். இல்லை, நான் கேள்விதான் கேட்கிறேன் என்று சொல்ல அந்த அறையில் ஆள் கிடையாது. நான்கு வக்கீல்களுக்குச் சமமான டேயாலும் தனக்கு எதிரே தானே உட்கார முடியாது. நேர்மைக் குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் எனக்கே இப்படி ஆகியிருக்கிறது.

இளவயதில் ஒரு சிற்றிதழுக்காக ஒரு முதிய எழுத்தாளரைப் பேட்டி எடுத்தேன். ஒரு பழைய சண்டையைப் பற்றி அவர் பேச மறுத்ததாகவும், நான் விடாமல் கேட்டு வாயைத் திறக்கவைத்ததாகவும் இருபது வருடம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீடு மாற்றும்போது அந்த கேசட் கிடைத்தது. போட்டுக் கேட்டால், அவர் தயங்குகிறார், நாலைந்து நொடி சத்தமே இல்லை, மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கிறது, உடனே நான் பதறிப்போய் "சரி சார், அதை விடுங்க" என்கிறேன். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவராகத்தான் அந்தச் சண்டையைச் சொல்கிறார். நான் தெரிந்து பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி, கதையில் என் பங்கு வருடத்துக்குக் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது.

ஒலிபரப்புச் செய்தியாளர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்கள் பார்த்தது பதிவாகியிருக்கிறது, நாமும் பார்த்திருக்கிறோம். புத்தகத்தில் மறுபடி அதையே சொன்னால் அலுப்பாக இருக்கும், அதனால் கேமராவுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது, அதற்குப் பதிவு இல்லை, அங்கேதான் கதை வளரும். டே 1993-இல் இன்னொரு புத்தகம் போட்டார், முக்கியமான பேட்டிகளின் எழுத்து வடிவம். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் அவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார், மற்றதில் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே கிடக்கின்றன.

தன்வரலாற்றுக்கு நான் கேட்கும் இரண்டாவது கேள்வி 1959-ஐப் பற்றியது. அந்த வருடப் பொதுத்தேர்தலில் டே ஹியர்ஃபோர்டு தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்று தோற்றார். அதே தேர்தலில், ஐடிஎன்னில் அவரோடு சேர்ந்து முதல் நாட்களில் செய்தி வாசித்த கிறிஸ்டோபர் சாட்டவே, ஓட்டப்பந்தய வீரராக ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தவர், கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். ஒரே நாற்காலியிலிருந்து எழுந்த இரண்டு பேர். ஒருவர் உள்ளே போய்விட்டார், இன்னொருவர் அடுத்த முப்பது வருடம் உள்ளே இருந்து வருகிறவர்களை வெளியே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். அவர் எடுத்த பேட்டிகளில் இருக்கிற அந்தக் காட்டத்தில், நானும் அங்கே இருந்திருக்கவேண்டியவன் என்கிற குரல் எனக்குக் கேட்கிறது. என் ஊகம்தான், ஆனால் இதை வைத்துக்கொண்டு மறுபடி படித்தால் புத்தகம் வேறு மாதிரித் தெரிகிறது. நாடாளுமன்றத்துக்குள் தொலைக்காட்சி கேமராக்களை அனுமதிக்கவேண்டும் என்று அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே வாதாடியவர் அவர். தான் போக முடியாத இடத்துக்கு கேமராவையாவது அனுப்பிவிடவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கீழவை நடவடிக்கைகளின் ஒளிபரப்பு 1989 நவம்பர் 21 அன்றுதான் தொடங்கியது. அவர் 'கொஸ்டின் டைம்' நாற்காலியை விட்டு எழுந்ததும் அதே வருடம்.

கூச்சலுக்கு அவர் பிள்ளையார் சுழி போட்டாரா என்று கேட்டீர்கள். 1961-லேயே பேட்டியாளர்களுக்கு அவர் ஒரு நெறிமுறை எழுதினார். கேள்விகளை முன்கூட்டியே கொடுக்கக் கூடாது, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தரவேண்டும் என்றெல்லாம் போகும். பேட்டியாளர் வாதம் செய்ய வந்தவரோ, அரசு வக்கீலோ, விசாரணை அதிகாரியோ, மனநல மருத்துவரோ இல்லை, பார்வையாளர் சார்பில் தகவல் கேட்க வந்த செய்தியாளர் என்று அதன் கடைசி விதி சொல்கிறது. விசாரணை அதிகாரி என்ற இடத்தில் அவர் போட்டிருக்கும் ஆங்கிலச் சொல் இன்க்விசிட்டர்! 28 வருடம் கழித்துத் தன் கதைக்கு அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார், முன்னால் கிராண்ட் வேறு. கிண்டலாகத்தான் வைத்திருப்பார், இருந்தாலும் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த மழுப்பல் அட்டையிலேயே இருக்கிறது. மற்றபடி கூச்சலுக்கு அவரைப் பொறுப்பாக்க மாட்டேன். ஆறு பேர் ஒரே நேரத்தில் முதல் கேள்வியையே கத்துவதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

ஒரு தடவை தவறினார், அதுதான் அவருடைய பேட்டிகளிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்தது. 1982 அக்டோபர், அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லந்து போர் முடிந்த சில மாதங்களில். எதிரே பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டிருந்தவர், முந்தைய வருடம் கடற்படையின் கப்பல்களைக் குறைக்கத் திட்டம் போட்டவர். கடற்படையின் எதிர்காலத்தைப் பற்றிப் பல வருட அனுபவமுள்ள ஒரு மூத்த அதிகாரி சொல்வதை விட்டுவிட்டு, இன்றைக்கு இருந்து நாளைக்குப் போய்விடுகிற அரசியல்வாதியான நீங்கள் சொல்வதை மக்கள் ஏன் நம்பவேண்டும் என்று டே கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லி, கோட்டில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு நாட் எழுந்து போனார். பார்க்கிறவர்களுக்குப் பெரிய விருந்து. ஆனால் நல்ல கேள்வி அது, ஒரு சொல்லைக் குறைத்துக் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்திருக்கும். நாற்காலி காலியானதும் இரண்டாவது கேள்விக்கே இடமில்லாமல் போனது.

நாட் 2002-இல் தன் வாழ்க்கையை எழுதினார். தலைப்பு, டே அவரைச் சொன்ன அதே சொற்கள்: இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர். டே 2000-இலேயே காலமாகிவிட்டார், அந்த அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மனிதரை மறுபடி ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருப்பார், பாக்கி இருந்த கேள்வியோடு.

அன்புடன்.