ஓட்டு இல்லாத வயசுல ஏரியா சபைக்கு போலாமா?

கேள்வி: எனக்கு 17 வயசு, ப்ளஸ் டூ படிக்கிறேன். எங்க தெருமுனைல இருக்குற கார்ப்பரேஷன் ஷட்டில் கோர்ட்ல ஒரு வருஷமா ஜல்லியும் ஓட்ட மீன்பாடி வண்டியும்தான் நிக்குது. வார்டுல எங்க பகுதி ஆளுங்க கவுன்சிலர்கிட்ட குறை சொல்ற ஏரியா சபை கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, போறேன்னு சொன்னா "உனக்கு ஓட்டே இல்ல, அங்க போய் என்ன பண்ண போற"ங்கறார் அப்பா. அவர் சொல்றது சரியா? - ஒரு மாணவி, வியாசர்பாடி

பதில்: பாதி சரிம்மா. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கறவங்கதான் ஏரியா சபைல உறுப்பினர். ஆனா அப்பாவுக்குத்தான் ஓட்டு இருக்கே, அவர் எத்தன கூட்டத்துக்கு போனார்னு கேளு (நான் சொன்னேன்னு சொல்லிடாத). 2016ல கவுன்சில் காலம் முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கு மேல சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்கதான் ஓட்டுனாங்க, அப்புறம் 2022 பிப்ரவரில ஒருவழியா தேர்தல் வந்தா ஓட்டு போட்டது சுமார் 43 சதவீதம் பேர்தான். ஓட்டு இருக்கறவங்க லட்சணம் இது.

எங்க ஏரியா கூட்டத்துக்கு நான் ஒரு தடவ போயிருந்தேன். சாமியானா, பிளாஸ்டிக் சேர், முன்வரிசைல கட்சிக்காரங்க, ஆளாளுக்கு ஒரே நேரத்துல கால்வா அடைப்பு, குப்ப வண்டி வரலன்னு கத்த, கவுன்சிலர் "பாத்துக்கலாம்மா பாத்துக்கலாம்மா"ன்னு தலையாட்டிட்டே இருந்தார், பக்கத்துல உக்காந்திருந்த ஏ.இ. (கார்ப்பரேஷன் உதவிப் பொறியாளர்) போன நோண்டிட்டு இருந்தார். கடைசி வரிசைல ஒரு காலேஜ் பையன் எழுந்து "சார், ரெண்டு தெருல 14 கம்பம், அதுல 5 லைட் எரியல, கம்பம் நம்பர் இதுல இருக்கு"ன்னு நோட்டு பேப்பர கிழிச்சு நீட்டினான் பாரு, அப்பதான் அந்த ஏ.இ. போன கீழ வச்சுட்டு பேனாவ எடுத்தார்!

நீயும் அப்படி போ. கோர்ட்ட தேதியோட போட்டோ எடு, சாயங்காலம் எத்தன பசங்க விளையாட இடம் இல்லாம ரோட்ல ஆடுறாங்கன்னு ஒரு வாரம் எண்ணி எழுதிக்கோ, கார்ப்பரேஷன் ஹெல்ப்லைன் 1913க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வச்சுக்கோ. மனு ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல கண்டிப்பா சீல் போட்டு வாங்கு. டெங்கு ஊர்வலத்துல பேனர் புடிக்க மட்டும் ஸ்கூல் பசங்க வேணும், எந்த தெருல கொசு மருந்து அடிக்கலன்னு அதே பசங்கள ஒருத்தரும் கேக்கறதில்ல, அதனால கூப்பிடுவாங்கன்னு காத்திருக்காத.

17 முடிஞ்சிடுச்சுன்னா வாக்காளர் பட்டியலுக்கு ஃபார்ம் 6 இப்பவே முன்கூட்டி கொடுக்கலாம், 18 ஆனதும் பேர் ஏறிடும். கவுன்சிலருக்கு நிக்க 21 போதும். நம்ம மேயர் பிரியா பதவிக்கு வந்தப்ப அவங்களுக்கு 28தான்.

மனுல அப்பாவ கையெழுத்து போடச் சொல்லி கூட்டத்துக்கும் கையோட கூட்டிட்டு போ, உறுப்பினர் அவர்தான?