காட்டுக்குள் இரவில் நடந்தபடி பார்க்கும் அறிவியல் புனைவு நாடகத்துக்குக் காசு கொடுத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். "இருட்டையும் மரத்தையும் பார்க்க டிக்கெட்டா?" என்று உங்கள் வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நான் அப்படியொரு நாடகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்தவன். ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் ரெண்டல்ஷாம் காடு இருக்கிறது. 1980 டிசம்பர் இறுதியில், அருகிலிருந்த விமானத்தளத்தின் அமெரிக்கப் படையினர் அங்கே விசித்திர ஒளிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். தளத்தின் துணைத் தளபதி சார்ல்ஸ் ஹால்ட் காட்டுக்குள் நடந்தபடியே கண்டதையெல்லாம் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்தார். பறக்கும் தட்டு என்றது ஒரு கட்சி. சில மைல் தள்ளிக் கடற்கரையில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னிய ஆர்ஃபர்ட்னெஸ் கலங்கரை விளக்கம் என்றது இன்னொரு கட்சி. ஹால்ட் அதை ஏற்கவில்லை.

இதைத்தான் ஒரு சிறிய குழு நாடகமாக்கியது. பார்வையாளர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சிப்பாய் வேடமிட்டவர்களின் பின்னால் நடக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கலங்கரை விளக்கத்தை 2013இல் அணைத்துவிட்டார்கள்; 2020இல் இடித்தும்விட்டார்கள். ஆகவே யாராவது கலங்கரை விளக்கமாக இருந்தாக வேண்டும். அது நான்தான்.

காட்டின் கிழக்கு ஓரத்தில் முக்காலி மேல் ஒரு விளக்கு. அதன் முன்னே கறுப்பு அட்டை. மனதுக்குள் ஐந்து வரை எண்ணி அட்டையைத் தூக்க வேண்டும், உடனே இறக்க வேண்டும். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். ஆனால் மரங்களுக்கிடையே நடந்து வருபவர்களுக்கு அசையாத அந்த விளக்கு நகர்வதுபோலத் தெரியும். ஒரு மரம் மறைக்கும், அடுத்த மரம் விடும். ஒரு தகப்பனார், "அது லைட்ஹவுஸ்தான்" என்று மகனுக்கு உரக்க விளக்கினார். "அப்படியென்றால் ஏன் நம் கூடவே வருகிறது?" என்றான் பையன். அரங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

"எல்லாமே போலி" என்று யாராவது வருவார்கள். அந்தக் காட்டின் மரங்களில் பெரும்பாலானவையே 1987 அக்டோபர் புயலில் விழுந்து, பிறகு நட்டவைதான் ஐயா. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தக் குழு அச்சிட்ட தாளில் விளக்குப் பிடித்த என் பெயரும் இருந்தது. எங்கள் ஊர்த் தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் நாற்காலி அடுக்குகிறேன். பொன்னாடை எல்லாம், தாமதமாக வந்து முக்கால் மணி நேரம் பேசும் சிறப்பு விருந்தினருக்கு.

போவதென்றால் நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை முதலிலேயே கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். எங்கள் நாடகத்தில் அது வாகன நிறுத்துமிடத்தில் மட்டும்தான் இருந்தது.