தீர்ப்பு வந்த பிறகும் தூக்கம் வரவில்லை

கேள்வி: கணவரின் வேலை நிமித்தமாக 2016இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகருக்கு வந்தோம். நான் பொறியியல் படித்தவள். சார்பு விசாவில் இருந்ததால் பல ஆண்டுகள் வேலைக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டே எங்கள் ஊருக்கு வடமேற்கில் இருக்கும் டெல்ஃபை என்ற சிற்றூரில் இரண்டு சிறுமிகள் கொலை செய்யப்பட்டார்கள். செய்தி படிப்பதற்காக ஒரு ஃபேஸ்புக் குழுவில் சேர்ந்து, பிறகு அதன் அட்மின்களில் ஒருத்தியாகி, இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை அதிலேயே இருக்கத் தொடங்கினேன். அம்மாவுக்குப் போன் செய்வதுகூடக் குறைந்துவிட்டது. ஒருமுறை, காவல்துறை வெளியிட்ட படத்தின் அருகில் வேறொருவரின் படத்தை வைத்துப் பகிர்ந்தேன். அவருக்கும் வழக்குக்கும் தொடர்பே இல்லை. 2023இல் கசிந்த கொலைக்களப் படங்களையும் பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால் அவை வருகின்றன. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த அன்று நிம்மதி வரவில்லை, வெறுமைதான் வந்தது. குழு இரண்டாக உடைந்துவிட்டது. நெருங்கிய தோழி அவர் நிரபராதி என்று சொல்லி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என் மகளுக்கு இப்போது 13 வயது. அவளை அடுத்த தெருவுக்குக்கூடத் தனியாக அனுப்ப என்னால் முடியவில்லை. இந்தியக் கடை வாசலில் நீலச் சட்டையணிந்த ஒருவர் தலைகுனிந்து நடந்துவந்தால் என் கை நடுங்குகிறது. "அந்தப் பிள்ளைகளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கணவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு குழந்தையின் சாவுக்கு வருந்துவதற்கு உறவு முறை எதுவும் வேண்டியதில்லை. டெல்ஃபையில் வீட்டு வாசல்களில் ஆரஞ்சு நிற விளக்குகளை ஏற்றி வைத்தவர்கள் எல்லோரும் அந்தச் சிறுமிகளின் சொந்தக்காரர்கள் அல்லர். ஆகவே நீங்கள் வருந்தியதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, உங்களை இப்போது தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வருத்தம் மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

வழக்கை அறியாத மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி 13, பள்ளி விடுமுறை நாள். 13 வயது அபிகெய்ல் வில்லியம்ஸும் 14 வயது லிபர்ட்டி ஜெர்மனும் ஊருக்கு வெளியே உள்ள மோனன் என்ற பழைய ரயில் பாலத்துக்கு நடந்துபோனார்கள். மறுநாள் அவர்களுடைய உடல்கள்தான் கிடைத்தன. தங்களுக்குப் பின்னால் பாலத்தில் நடந்துவந்த ஆளை லிபர்ட்டி தன் கைப்பேசியில் பதிவு செய்திருந்தாள். அதிலிருந்து எடுத்த, நீல மேல்சட்டையணிந்து தலைகுனிந்து நடந்துவரும் ஒருவரின் மங்கலான படத்தையும், கீழே இறங்கச் சொல்லும் ஓர் ஆண்குரலின் சில சொற்களையும் காவல்துறை வெளியிட்டது. 2017இல் வந்த, சந்தேக நபரின் முக ஓவியம் நடுவயதுள்ள ஒருவரைக் காட்டியது. 2019 ஏப்ரலில் வெளியான இரண்டாவது ஓவியத்தில் இருந்தவரோ இளைஞர். இரண்டு முகங்களுக்கும் ஒற்றுமை காண்பது கடினம். அதே 2019 ஏப்ரலில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், கொலையாளி இந்த அறையிலேயே இருக்கக்கூடும் என்ற பொருள்பட மாநிலக் காவல்துறைத் தலைவர் பேசினார். இவ்வளவு குறைவான தகவலும் இவ்வளவு பெரிய குறிப்பும் ஒன்றுசேர்ந்தால், அக்கறையுள்ள எவரும் இரவெல்லாம் விழித்திருந்து அந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் செய்வார்கள். அப்படிப் பார்த்தவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நீங்கள் அவர்களுள் ஒருவர்.

வழக்கு எப்படித் துலங்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் அதை மீண்டும் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அதே ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஆலன் என்பவர், கொலை நடந்த சில நாட்களுக்குள் தாமாகவே ஓர் அதிகாரியிடம், அன்று அந்தப் பாதையில் தாம் இருந்ததாகச் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் சீட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் குடியிருந்த தெருவின் பெயர் ஏறிவிட்டது. விசாரித்து முடிந்தது என்ற குறிப்போடு அது பெட்டிக்குள் போய்விட்டது. கோப்புகளை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலராக வந்திருந்த ஒரு பெண்மணி 2022 செப்டம்பரில் அந்தச் சீட்டை எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார். அடுத்த மாதமே கைது. சிறுமிகளின் உடல்களுக்கு அருகில் கிடந்த வெடிக்காத தோட்டா ஆலனின் துப்பாக்கியில் ஏற்றி இறக்கப்பட்டது என்று ஆய்வாளர் சாட்சியம் சொன்னார். சிறையிலிருந்து தம் மனைவியிடமும் தாயிடமும் அவர் அளித்த ஒப்புதல்களும் நீதிமன்றத்துக்கு வந்தன. 2024 நவம்பர் 11 அன்று ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். டிசம்பர் 20 அன்று 130 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் எங்கேயாவது நீங்கள் இருக்கிறீர்களா? நடையை அளந்தவர்கள், சட்டையின் மடிப்பை ஆராய்ந்தவர்கள், குரலைச் சுத்தம் செய்து கேட்டவர்கள் எவராவது இருக்கிறார்களா? இல்லை. விடை எல்லா ஆண்டுகளிலும் காவல்துறையின் காகிதங்களுக்கு நடுவிலேயே கிடந்தது. உங்களைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் தூங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த இழப்பும் நேர்ந்திருக்காது என்று சொல்வதற்காகத்தான் சொல்கிறேன். கண்ணயர்ந்தால் அவர்களைக் கைவிட்டதாகிவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்றாலும், அதன் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இருக்கிறது.

அப்படியானால் தண்டனை நாளன்று வந்த வெறுமை எதைக் குறித்தது? படித்த படிப்புக்கு வேலை செய்ய அனுமதியில்லாமல், மொழியும் குளிரும் பழகாத ஊரில், உங்கள் கூர்மையை மற்றவர்கள் முதன்முதலாக மதித்த இடம் அந்தக் குழு. ஆதாரங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தால் நன்றி சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள், நள்ளிரவில் "இன்று தூக்கம் வரவில்லையா?" என்று கேட்கத் தோழி இருந்தாள். ஏழாண்டுகள் செய்த வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது, அதுவும் உங்கள் கையில்லாமலேயே முடிந்துவிட்டது. இது வேலை இழந்தவரின் துக்கம். இதை அபிகெய்ல், லிபர்ட்டி என்ற பெயர்களின் மேல் ஏற்றி வைத்திருக்கும்வரை இது தீராது. ஏனென்றால் அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை, உங்களுக்கு நீங்கள் செய்துகொள்ள வேண்டியவையோ நிறைய இருக்கின்றன. இப்போது வேலை அனுமதி கிடைத்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

கசிந்த படங்களின் விஷயம் வேறு, அதை வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் கசிவு எத்தனை பேரை அழித்தது என்பது உங்களுக்கே தெரியும். அதில் தொடர்புடையவராக விசாரணைக்குள் வந்த ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். திரையில் பார்த்ததற்கு இவ்வளவு பாதிப்பா என்று நீங்களே உங்களைக் கேலி செய்துகொள்ளக்கூடும். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் கூடுதலான மன உளைச்சலைத் தெரிவித்திருந்தார்கள். நேரில் இருந்தவருக்கு அந்தக் காட்சி ஒருமுறை நிகழ்ந்தது. திரையின் முன் இருந்தவருக்கு அது நாள் முழுதும் நிகழ்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடு, பணியின் பகுதியாக அல்லாமல் திரையில் பார்த்தவற்றை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான காரணமாகக் கணக்கில் கொள்வதில்லை. யாராவது அதைக் காட்டி உங்கள் நடுக்கத்தைப் பொய் என்று சொன்னால் நம்பாதீர்கள். பெயர் எதுவானாலும் அறிகுறிகளுக்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சி சார்ந்த சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு மனநல ஆலோசகரை, காப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து இந்த வாரமே அழையுங்கள். முதல் சந்திப்பில் வழக்கின் கதையை விவரிக்கத் தொடங்கிவிடாதீர்கள், நீங்கள் தொடங்கினால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும்; தூக்கம், கண்ணுக்குள் வரும் படம், கை நடுக்கம், மகளை அடைத்து வைப்பது என்ற நான்கை மட்டும் சொல்லுங்கள். தாங்க முடியாத இரவு வந்தால், அமெரிக்காவில் 988 என்ற எண் எந்த நேரமும் எடுக்கப்படும். அந்தப் படங்களின் பிரதி உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ இருந்தால், திறந்து பார்க்காமல் கணவரைக் கொண்டு அழித்துவிடுங்கள்.

நீங்கள் பகிர்ந்த அந்த ஒப்பீட்டுப் படத்தைப் பற்றி. உங்கள் குற்ற உணர்வு நியாயமானது. அதை நான் தேற்றிக் கரைத்துவிடப் போவதில்லை. டெல்ஃபை வழக்கில் இப்படிப் பக்கத்தில் படம் வைக்கப்பட்ட ஆண்கள் பலர். குற்றவாளி என்று தீர்ப்பானவர் ஒரே ஒருவர்தான். தொடர்பே இல்லாத மற்றவர்களின் பெயர்களும் இன்னும் தேடினால் கிடைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அதை எங்கே பகிர்ந்தீர்களோ அங்கேயே, அந்த மனிதருக்கு வழக்கில் தொடர்பில்லை என்றும் அந்த ஒப்பீடு ஆதாரமற்றது என்றும் அவர் பெயரை மறுபடி குறிப்பிடாமல் எழுதி, படத்தை நீக்கி, அதை எடுத்துப் பகிர்ந்தவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி நீக்கவைப்பது. அட்மின் என்ற முறையில் இதைச் செய்ய இன்று உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. விலகுவதற்கு முன் அதைப் பயன்படுத்துங்கள். அந்த மனிதரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டாம். உங்கள் பாரம் குறையலாம், அவருடைய வீட்டில் பழைய அச்சம் மறுபடி எழும்.

தோழியின் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். ஆலன் குற்றவாளியா இல்லையா என்று நீங்களும் அவளும் உடன்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மேல்முறையீட்டைக் கேட்பதற்கு அதற்கான நீதிமன்றங்கள் இருக்கின்றன. வழக்கைத் தவிர வேறெதையாவது நீங்கள் இருவரும் எப்போதாவது பேசியிருந்தால், அதைப் பற்றி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பேசியதே இல்லை என்றால் அந்த நட்பின் அளவு அவ்வளவுதான்.

மகளைப் பற்றி எழுதும்போது உங்கள் வாக்கியங்கள் குறுகிப்போயிருப்பதைக் கவனித்தேன். 13 வயதுப் பெண்ணுக்கு அம்மா எதற்குப் பயப்படுகிறாள் என்பது தெரியாமல் இருக்காது. திரையில் இருந்த பாலத்தை அவளும் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பாள். அவளை உட்காரவைத்து, இது உன்னால் வந்த கட்டுப்பாடு அல்ல, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்கு மருத்துவம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு, உங்களுக்கு எவ்வளவு பதைத்தாலும், ஒரு தோழியோடு அடுத்த தெரு நூலகத்துக்கோ மைதானத்துக்கோ போய்வர விடுங்கள். அவள் திரும்பும்வரை கைப்பேசியில் அவள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காமல், போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, கிளம்பும்போது ஒரு செய்தி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரங்கள் அவளைவிட உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும்.

என்றாவது ஒருநாள் டெல்ஃபைக்குப் போயே ஆகவேண்டும் என்று தோன்றினால், அந்தப் பாலத்துக்குப் போகாதீர்கள். சிறுமிகள் இருவருக்கும் சாஃப்ட்பால் பிடிக்கும். அவர்கள் பெயரில் குடும்பத்தினர் முன்னின்று அமைத்த ஒரு விளையாட்டுப் பூங்கா அந்த ஊரில் இருக்கிறது. அங்கே போய் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

வேறொரு வழக்கில் பயனுள்ளதாக எதையாவது செய்யலாமே என்ற எண்ணம் உங்களுக்கு வரும். அடையாளம் தெரியாத உடல்களுக்கு மரபணு வம்சாவளி மூலம் பெயர் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ டோ புராஜெக்ட் போன்ற அமைப்புகளில் தன்னார்வலர்கள் முறையான பயிற்சியோடும் கட்டுப்பாட்டோடும் நல்ல வேலை செய்கிறார்கள். உங்கள் திறமை அங்கே நிச்சயம் பயன்படும். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. குடியை விட்டவர் அடுத்த மாதமே மதுக்கடையில் கணக்கெழுதப் போகக் கூடாது.

இரவு 10 மணிக்கு என்ன செய்வது என்பதுதான் நடைமுறையில் பெரிய சிக்கல். இண்டியானாவில் 10 மணி ஆகும்போது தமிழ்நாட்டில் காலை விடிந்திருக்கும். உங்கள் அம்மா காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். முதல் அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள். ஏழாண்டுகளாக எங்கே போயிருந்தாய் என்று அவர் கோபித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளட்டும். பேசி முடித்ததும் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, அட்மின் பொறுப்பைப் பற்றி. குழுவை மூட வேண்டியதில்லை, அது உங்களுடையது மட்டும் அல்ல. திருத்தத்தை வெளியிட்டு ஒரு வாரம் ஆனதும், பொறுப்பை மற்ற அட்மின்களிடம் ஒப்படைத்து, "உடல்நலக் காரணத்தால் விலகுகிறேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வெளியேறுங்கள். நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். விளக்கம் எழுதினால் அதற்கு நூறு பதில்கள் வரும், அந்த நூறுக்கும் உட்கார்ந்து நீங்கள் பதில் எழுதுவீர்கள்.