ஃபேன் ஓடாததற்கு லீவா?

கேள்வி: எங்கள் பகுதியில் ராத்திரி மின்சாரம் போனது; காலையில் பிள்ளைகள் பள்ளி வாசலுக்கு வந்த பிறகு, விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டார்கள். நாங்களெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆளாகவில்லையா? ஃபேன் ஓடாததற்கெல்லாம் லீவு விட்டால் பிள்ளைகள் உருப்படுவார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: படித்தீர்கள், சரி. ராத்திரி வீட்டில்தானே? பள்ளிக்கூடத்தில் விளக்கேற்றி உட்கார வைத்தார்களா என்ன!

ஃபேனை விடுங்கள். கழிப்பறைக்கு வாருங்கள். மோட்டார் ஓடாவிட்டால் மொட்டைமாடித் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர்தான் கணக்கு. 500 பிள்ளைகள் முதல் இடைவேளைக்குப் போய்வந்தால் குழாயில் காற்றுதான் வரும். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பையனிடம் "சாயங்காலம் வரை அடக்கிக்கொள்" என்று டீச்சர் சொல்ல வேண்டும். பெரிய வகுப்புப் பெண்களின் கஷ்டத்தை உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். இது போதாதென்று, மாடிப்படி அவசர விளக்கு பேட்டரியில் சில மணி நேரம்தான் தாங்கும். சமையலறை ஃபிரிட்ஜைத் திறக்காமலே வைத்திருந்தாலும் சுமார் 4 மணி நேரம்தான். அதற்குமேல் அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எந்தத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் வரும்? ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்தால் முதலில் சண்டைக்கு வருபவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கவில்லை. ராத்திரியே போன கரண்டுக்கு, பிள்ளைகள் வாசலில் வந்து நின்ற பிறகு ஏன் அறிவிப்பு? அதுவும் வாட்ஸ்அப்பில்! கரண்ட் இல்லாத வீட்டில் போன் செத்துக் கிடக்கும் என்பது பள்ளி நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை. அன்று ஒரு நாள் கூலி போன அம்மாக்கள் வாசலில் நின்று கத்தியிருந்தால், அது நியாயமான கோபம். அவர்களுக்கு லீவு பிரச்சினையில்லை, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்பதுதான் பிரச்சினை. விடியற்காலையில் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டிலாவது ஏற்பாடு செய்திருப்பார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போவீர்கள் அல்லவா? தண்ணீர் மோட்டாரையாவது ஓட்ட ஒரு ஜெனரேட்டர் கேளுங்கள். பள்ளி முழுவதற்கும் வேண்டாம், மோட்டாருக்கு மட்டும் போதும், செலவும் குறைவு. ஸ்மார்ட் போர்டு வேண்டுமென்றால் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், கழிப்பறைத் தண்ணீருக்கு யார் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.