66 வயதில், தனியே வாழும் முதியவர்களுக்குத் துணையாக இருக்க எப்படித் தொடங்குவது?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 66. துணையின்றி வாழும் முதியவர்களை வாராவாரம் போய்ப் பார்த்துவர ஆசை. எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

முதல் மூன்று மாதம் ஒரே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய பிறகு இரண்டு பேர் வரை போகலாம். இந்தத் தொண்டு பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் தொடக்க உற்சாகத்தில் அள்ளிக்கொடுத்த வாக்குகளால்தான். தினமும் வருகிறேன், எது வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு முடியாமல் போனால், ஜன்னலைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு அது பெரிய ஏமாற்றம். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு மணி நேரம் போதும். போக முடியாத வாரம் முந்தைய நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் கட்டாயம் போகாதீர்கள்.

முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர், செவிலியரோ உறவினரோ தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளரோ, உடன் வரட்டும். அரை மணி நேரம் போதும். மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும், எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் போன் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

காது மந்தமானவரிடம் கத்திப் பேசுவது பலனில்லை. முதுமையில் முதலில் மங்குவது கீச்சொலிகள்; ‘ச’, ‘ட’, ‘ப’ போன்ற மெய்யொலிகள் கலங்கிவிடும். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், சொல் தெளியாது. டிவியை நிறுத்துங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள், கீச்சுக் குரலாக இல்லாமல் சற்றுத் தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

உங்களால் ஆகும் பெரிய உதவி, மாற்றத்தைக் கவனிப்பது. வாராவாரம் ஒரே கண் பார்ப்பதால், மருத்துவர் பத்து நிமிடத்தில் காண முடியாதது உங்களுக்குத் தெரியும். சட்டை தொளதொளக்கிறதா, பல்செட் பொருந்தாமல் ஆடுகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா? எடை குறைகிறது என்று பொருள். ஏழு நாள் மாத்திரைப் பெட்டியில் எந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது? பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, குடும்பத்தாருக்கோ செவிலியருக்கோ சொல்லுங்கள். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுப்பதோ பெட்டியை நிரப்புவதோ வேண்டாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள். போன வாரம் தெளிவாகப் பேசியவர் இன்று கிழமை தெரியாமல் குழம்பினால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் குறைதல், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மருந்து என்று ஏதாவது காரணம் இருக்கும், பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. இந்த வயதில் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். எல்லோரும் பிதற்றுவதும் இல்லை. சிலர் பேச்சுக் குறைந்து தூங்கி வழிவார்கள். அதிகம் கவனிக்காமல் போவது இந்த வகைதான். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் – இவை பக்கவாதத்தின் அடையாளங்கள்; இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸ்தான். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், விழுங்கும் திறன் போயிருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கீழே விழுந்து கிடந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் தோள் நழுவும், உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு நோயாளி இரண்டு பேராகிவிடுவார்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகித் தெரிவது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது எல்லாம் எலும்பு முறிவின் அடையாளம். அசைக்காமல் போர்த்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த அடியும் இல்லையென்றால் அவரே எழ வழி இருக்கிறது. பக்கவாட்டில் புரண்டு, முழங்காலும் கையும் ஊன்றி, முன்னால் போட்ட நாற்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்னே மடக்கி ஊன்றி எழட்டும். எழும்போது, அவர் உட்கார இன்னொரு நாற்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்துங்கள். நாற்காலி நகர்த்துவதோடு உங்கள் வேலை முடிந்தது.

பண விஷயம்: வங்கி அட்டை, ரகசிய எண் வேண்டவே வேண்டாம். உயில் முதலிய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்தும் வேண்டாம். ஏதாவது வாங்கிக் கொடுத்தால் ரசீதும் மீதியும் அப்போதே அவர் கையில்.

பேச்சு என்று வரும்போது அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் கடினம். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் 14 பாட்டிமார்களோடு தொடங்கிய ‘நட்பு இருக்கை’ முறை இதற்கு நல்ல வழிகாட்டி. பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். வருபவர் தன் கவலைகளையெல்லாம் சொல்லட்டும், அதில் ஒன்றை அவரே எடுக்கட்டும், அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய சின்ன அடி ஒன்றை அவரே முடிவு செய்யட்டும். 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்தும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இப்படிப் பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு வெகுவாகக் குறைந்திருந்தது.

மேல்கையில் விரல் பதிந்த கன்றல், குறிப்பிட்ட ஒருவர் வந்ததும் வாயடைத்துப் போவது, இருந்த பணம் காணாமல் போவது இவற்றைப் பார்த்தால் சந்தேகப்படுபவரிடம் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் திரும்பிய பிறகு அடி அந்த முதியவருக்குத்தான் விழும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் அன்றே கொடுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறை.

உங்களுக்கும் வயது ஏறும். முழங்கால் படியேற மறுக்கும், இரவில் வண்டி ஓட்டக் கண் ஒத்துழைக்காது. முழுவதும் முடியாமல் போகும் வரை இழுக்காமல், நான்கு வாரம் முன்பே அவரிடம் சொல்லுங்கள். அடுத்து வரப்போகிறவரை இரண்டு தடவை உங்களோடு அழைத்துப் போங்கள்; எந்தக் காதில் கேட்கும் என்பது வரை எழுதிய அந்த நோட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.