சாடோ தீவின் கடற்கரைக் குகையில் இத்தனை ஜிசோ சிலைகள் இருப்பது ஏன்?

ஜப்பானின் சாடோ தீவில், வடகரையோரக் கடற்குகை ஒன்றில் சிறு கற்சிலைகள் நெருக்கமாக நிற்கும் இடம் ‘சாய் நோ கவாரா’ எனப்படுகிறது. பெற்றோருக்கு முன்பே இறந்த குழந்தைகள் மறுமையில் இதே பெயர்கொண்ட ஆற்றங்கரையில் கல்லடுக்கிப் புண்ணியம் தேடுகின்றனர், அரக்கர்கள் அதைக் கலைக்கும்போது ஜிசோ என்னும் போதிசத்துவர் (பிற உயிர்களைக் காத்தபடி புத்தநிலையை நாடும் பௌத்த அருளாளர்) வந்து அவர்களைத் தம் ஆடைக்குள் மறைத்துக் காக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவேதான் பிள்ளையை இழந்தோர் இங்கே சிலைகளையும் பொம்மைகளையும் வைத்துச் செல்கின்றனர். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து அழும் குழந்தையை, வீட்டார் வரும்வரை அணைத்துக்கொண்டு நிற்கும் பெரியவரைப் போன்றவர் ஜிசோ. துக்க வீட்டுக்குள் நுழைவதுபோல் அமைதியாகச் செல்வதே இங்கு முறை என்பேன். ஜிசோவைப் புத்தர் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் நரகங்கள் வெறுமையாகும்வரை புத்தநிலையை ஏற்பதில்லை என்று உறுதி பூண்டவராகவே பௌத்த மரபு அவரைப் போற்றுகிறது.