புலியா, ஆளா? ‘தி நைட் டைகர்’ கேட்டவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட்டில் நம் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்டது யாங்ஸி சூ எழுதிய ‘தி நைட் டைகர்’. 2019-இல் வந்த ஆங்கில நாவல். கதை நடப்பது 1931-இல், மலேசியாவின் நம் பேராக் மாநிலத்திலேயே. கொலை, ஆவி, மனிதத் தோல் போர்த்திய புலி எல்லாம் இருக்கிறது. பாதிப்பேர் ஒலிநூலாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், கேள்விகளும் அப்படியே வந்திருக்கின்றன. கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், தைரியமாகப் படியுங்கள்.

நான் இன்னும் தொடங்கவே இல்லை அக்கா. கதை என்ன?

கமுந்திங்கில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் சாகக் கிடக்கிறார். அவரிடம் வேலை செய்யும் ரென் என்ற 11 வயதுப் பையனிடம், முன்பு வெட்டியெடுத்த தன் விரலைத் தேடி, தன் உடலோடு புதைக்கச் சொல்கிறார். 49 நாளுக்குள் செய்யாவிட்டால் ஆவி அலையுமாம். (நமக்குப் பதினாறாம் நாள் காரியம் மாதிரி சீனர்களுக்கு அந்தக் கணக்கு.) பையன் பத்து காஜாவில் வேறொரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேருகிறான். அந்தப் பக்கம் ஈப்போவில் தையல் பழகும் ஜி லின், அம்மாவின் மாஜோங் சூதாட்டக் கடனை அடைக்க வீட்டுக்குத் தெரியாமல் நடன விடுதிக்குப் போகிறாள். அங்கே ஆட வந்த ஒருவனிடமிருந்து அவள் கைக்கு ஒரு கண்ணாடிக் குப்பி வந்து சேருகிறது, உள்ளே காய்ந்துபோன விரல். அவளுக்கு அது போய்த் தொலைந்தால் போதும், பையனுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும், இடையில் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

செம்பனை ஆலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறேன். யார் பேசுகிறார் என்றே குழம்புகிறது.

தம்பி, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜி லின் வரும் பகுதி “நான்” என்று, நடந்து முடிந்ததாகச் சொல்லப்படும். ரென் வரும் பகுதி “அவன்” என்று, இப்போதே கண்முன் நடப்பதுபோல ஓடும். இரண்டு மூன்று அத்தியாயம் தாண்டினால் காதே பிரித்துவிடும். வாசிப்பவர் எழுத்தாளரேதான், அவரும் மலேசியர், அதனால் நம் ஊர்ப் பெயர்களெல்லாம் நாம் சொல்வதுபோலவே விழும். எனக்கு இந்தக் கதையைக் கேட்பதே சரி என்று பட்டது அதனால்தான். ஏறத்தாழ 14 மணி நேரம் ஓடும், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆலையில் நீராவி திறந்துவிடும்போது அரை வாக்கியம் காணாமல் போகும், அந்த அரை வாக்கியத்தில்தான் ஒரு தடயம் இருக்கும், உடனே 30 விநாடி பின்னால் போங்கள். அப்புறம், இயந்திரத்துப் பக்கம் நிற்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்ள வேண்டாம்.

புலி மனிதன் என்பது அவர் கற்பனையா?

இல்லை, மலாய்க்காரர்களிடம் வெகுகாலமாக இருக்கும் நம்பிக்கை, ஹரிமாவ் ஜாடியான் என்பார்கள். சுமத்ராவின் கெரிஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த சக்தி உண்டென்று இங்கே பேசுவார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் புலி மனிதனுக்கு இருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்வதுண்டு. நாவலில் என்னை நடுங்க வைத்தது வேறு: மனிதன் புலியாக மாறுவதில்லை, புலிதான் மனிதத் தோலை மாட்டிக்கொண்டு வருகிறது. அப்படியானால் நம்மோடு மேசையில் உட்கார்ந்து பேசுகிறவன் முதலிலிருந்தே மிருகம்.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அம்பிகா வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். தொடரவா?

தொடருங்கள் தங்கச்சி. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அம்பிகா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண், அவள் உடல் தோட்டத்தில் கிடக்கிறது, புலி அடித்தது என்று பேச்சு கிளம்புகிறது. நம் தோட்டங்களில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்துபோய் மரம் வெட்டினவர்களுக்குத் தெரியும், பக்கத்து நிரையில் கத்தினால்கூட மழைக்காலத்தில் கேட்காது. அந்த இருட்டில் ஒரு பெண் செத்தால் புலி என்று சொல்வது எவ்வளவு வசதி! அவளோடு ரகசியமாகப் பழகிய வெள்ளைக்கார டாக்டர், ரென் வேலைக்குச் சேர்ந்த அந்த பத்து காஜா டாக்டர்தான், வாயைத் திறப்பதில்லை, அவள் போனதைவிடத் தன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்பதுதான் அவருக்குக் கவலை. அந்த மௌனம்தான் இந்தக் கதையில் எனக்கு ஆவியைவிடப் பெரிய பயம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நாவல் தோட்டத்தை பங்களாப் பக்கமிருந்து பார்க்கிறது, தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து யாரும் கதை சொல்வதில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் அது. அம்பிகா மாதிரி ஒருத்தி செத்தால் கங்காணி என்ன சொன்னான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அது இந்த நூலில் இல்லை, நம் ஆட்கள்தான் எழுத வேண்டும்.

கொலையாளியை நானே கண்டுபிடிக்க ஒரே ஒரு துப்பு கொடுங்கள்.

பத்து காஜா மருத்துவமனையில் உடலுறுப்புகளைக் குப்பிகளில் வைத்திருக்கும் அறையை ஜி லின் சுத்தம் செய்யப்போகும் பகுதியை அரைத்தூக்கத்தில் கேட்காதீர்கள். பெயர்களையும் கவனியுங்கள். ரென், இறந்துபோன அவன் இரட்டைச் சகோதரன் யி, ஜி லின், அவளுடைய மாற்றாந்தந்தையின் மகன் ஷின், எல்லாம் கன்ஃபூசிய மரபின் ஐந்து நற்பண்புகளிலிருந்து வந்த பெயர்கள். ஐந்தாவது ‘லி’. அது யார் என்று தேடிக்கொண்டே கேளுங்கள்.

பிள்ளைகளோடு காரில் போகும்போது போடலாமா?

வேண்டாம் சார். சிதைந்த உடல்கள் வருகின்றன, பெரியவர்கள் சமாச்சாரமும் உண்டு.

முடித்துவிட்டேன். அடுத்து எது?

அவருடைய ‘தி ஃபாக்ஸ் வைஃப்’, 2024-இல் வந்தது. 1908-இல் மஞ்சூரியா, நரிகள், பொய்யைக் காதால் கண்டுபிடிக்கும் ஒரு கிழத் துப்பறிவாளர். அதையும் அவரே வாசித்திருக்கிறார். பயம் இதைவிடக் குறைவு, துக்கம் அதிகம்.